காற்றாலை வாங்கும் முன் காற்று மீட்டரைப் பாருங்கள்: கேள்வி-பதில்

கேள்வி: பரங்கிப்பேட்டை பக்கம் சிறிய இறால் பண்ணை வைத்திருக்கிறேன். குட்டை நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை ஓட்டும் கரண்ட் பில் கட்டுப்படியாகவில்லை. 5 கிலோவாட் காற்றாலை போட்டுத் தருவதாக ஒருவர் வந்தார். ஆனி மாதம் ஒரு வாரம், பிற்பகலில் கையடக்க மீட்டரை வைத்து அளந்துவிட்டு, சராசரி வேகம் விநாடிக்கு 5 மீட்டர், தாராளமாகப் போதும் என்கிறார். மீட்டர் அட்டையில் துல்லியம் ±3 சதவீதம் என்று போட்டிருக்கிறது. முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். காற்றாலை நல்லதா கெட்டதா என்பது அப்புறம். அவர் காட்டும் அந்த 5 என்ற எண்ணுக்கே இன்னும் ஆதாரம் இல்லை.

காற்றில் இருக்கும் ஆற்றல், வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடிக் குறையும். மீட்டர் 5 என்று காட்டி உண்மையில் 4.5 தான் என்றால், ஆற்றலில் கால் பங்குக்கு மேல் போய்விடும். உண்மை 4 என்றால் பாதிதான் மிச்சம். வேகத்தில் சின்னதாகத் தெரியும் பிழை கரண்ட் கணக்கில் இவ்வளவு பெரிதாகிறது. வாங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

அட்டையில் உள்ள 3 சதவீதம் எதில் 3 சதவீதம் என்று கேளுங்கள். காட்டும் அளவில் என்றால் பரவாயில்லை. பக்கத்தில் பொடி எழுத்தில் 'எஃப்.எஸ்.' என்று இருந்தால், மீட்டர் அளக்கக்கூடிய உச்ச வேகத்தில் 3 சதவீதம் என்று பொருள். உச்சம் 30 மீட்டர் என்றால் பிழை 0.9 மீட்டர் வரை போகலாம். உங்கள் 5 மீட்டர் காற்று 4.1 ஆகவும் இருக்கலாம், 5.9 ஆகவும் இருக்கலாம். திரையில் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் மின்னுவதைத் துல்லியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அளந்த நேரமும் சரியில்லை. நம் கரையில் பிற்பகலில் கடற்காற்று எழும். ராத்திரியில் பல நாள் இலைகூட அசையாது. குட்டையில் ஆக்சிஜன் குறைந்து ஏரேட்டர் ஓடியே தீரவேண்டிய நேரமும் அதுதான். ஐப்பசி முதல் தை வரை காற்றின் திசையும் போக்கும் வேறு. ஒரு வருடமாவது, காற்றாலைச் சக்கரம் நிற்கப்போகும் அதே உயரத்தில் அளக்க வேண்டும். சராசரியை மட்டும் வாங்கிக்கொள்ளாமல், டேட்டா லாகரில் (அளவுகளைத் தானாகப் பதிந்து வைக்கும் கருவி) 10 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவான முழு விவரத்தையும் கேளுங்கள்.

சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் காற்று வரைபடத்தை விற்பனையாளர்கள் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். வரைபடத்தில் குறையில்லை. ஆனால் அது 100, 120 மீட்டர் போன்ற உயரங்களுக்கானது. உங்கள் பண்ணையில் 15 மீட்டர் கம்பத்தில் அந்த வேகம் கிடைக்காது.

எந்தச் சென்சாரால் அளந்தாலும், அந்தக் கருவியின் சீரியல் நம்பர் போட்ட கேலிப்ரேஷன் சான்றிதழ், அதாவது அது காட்டும் அளவைச் சரியான அளவோடு ஒப்பிட்டுப் பார்த்ததற்கான சான்றிதழ் வேண்டும். மாடலுக்குப் பொதுவாகக் கொடுக்கும் காகிதம் உதவாது. காற்றுச் சுரங்கத்தில் (குறித்த வேகத்தில் காற்றை வீசவைக்கும் சோதனைக் கூண்டு) சோதித்த தேதியும், ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார அமைப்பான என்ஏபிஎல் கொடுத்த அங்கீகாரமும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழில் வரும் திருத்த எண்களை லாகரில் ஏற்றியிருக்க வேண்டும். பலர் சான்றிதழை ஃபைலில் வைத்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

கொட்டேஷனில், எந்த வேகத்துக்கு வருடத்தில் எத்தனை யூனிட் என்று எழுத்தில் வாங்குங்கள். பண்ணை என்பதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் வாங்கும் பொருளுக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. பிரச்சினை எழுந்த 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பாருங்கள்.

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டு மாடியில் சின்னக் காற்றாலையும் மூன்று கிண்ணம் சுற்றும் சென்சாரும் உள்ளன. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்ததற்குப் பிறகு சென்சார் குறைவாகக் காட்டுகிறது. தேங்காய் எண்ணெய் விட்டால் சரியாகுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். எண்ணெய் பிசுக்காகி, பறந்து வரும் உப்பையும் மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மெஷின் ஆயிலும் கூடாது. பேரிங்கின் உராய்வு மாறினாலே கேலிப்ரேஷன் போய்விட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

காற்றில்லாத அதிகாலையில் மாடிக்கு ஏறி, கிண்ணத்தை விரலால் லேசாகச் சுண்டிவிட்டுப் பாருங்கள். நல்ல பேரிங் வெகுநேரம் ஓடி, வேகம் மெல்ல மெல்லக் குறைந்து நிற்கும். கெட்டது இரண்டு சுற்றில் வெடுக்கென்று நிற்கும்; காதை அருகில் வைத்தால் நறநறவென்று கேட்கும். அப்புறம் கிண்ணங்களில் விரிசலோ நெளிவோ உண்டா, தண்டு செங்குத்தாக நிற்கிறதா, கேபிள் இணைப்பில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். புயலில் கம்பம் சாய்ந்திருப்பதும் உண்டு.

கருவி இல்லாமலும் ஒரு சோதனை உண்டு. இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடி, லேசான கொடி விரிந்து பறந்தால் காற்று விநாடிக்கு 3.4 முதல் 5.4 மீட்டர் என்பது, கண்ணால் பார்ப்பதை வைத்துக் காற்றின் வேகத்தைக் கணிக்கும் போஃபர்ட் அளவுகோலின் கணக்கு. அப்போது உங்கள் சென்சார் 2 என்று காட்டினால் பேரிங்கை மாற்றுங்கள். மாற்றிய பிறகு மறுபடி கேலிப்ரேஷன் செய்யுங்கள். விலை மலிவான சென்சார் என்றால் புதிதாக வாங்குவதே லாபம்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். சென்சாரைப் பார்த்துத்தான் உங்கள் காற்றாலை பலத்த காற்றில் தன்னை நிறுத்திக்கொள்கிறது என்றால், குறைவாகக் காட்டும் சென்சாரால் அது நிற்க வேண்டிய நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கீழே ஆள் நடமாட்டம் இருக்கிறது.

சென்சார் வாட்டர் டேங்குக்குப் பக்கத்தில் இருந்தால் இடத்தையும் மாற்றுங்கள். தடுப்பின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு உயரம் வரை காற்று குழம்பும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் கிண்ணங்களைத் துடைத்தால் உப்பு படியாது.

கேள்வி: காலாப்பட்டில் கடலோரமாக வைக்க, சுற்றும் பாகம் இல்லாமல் ஒலி அலையால் காற்றை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் வாங்கலாமா?

பதில்: உப்புக் காற்றுக்கு நல்ல தேர்வு, தேய்வதற்குப் பேரிங்கே கிடையாது. விலை கூடுதல், கரண்டும் அதிகம் எடுக்கும். சோலார் பேனலில் ஓட்டுவதாக இருந்தால், மழை மூட்டம் நாள்கணக்கில் நீடித்தாலும் தாங்கும் பேட்டரி போடுங்கள். கனமழையில் துளிகள் ஒலியை மறித்துத் தவறான அளவு வரலாம். அந்த அளவுகளை லாகர் தனியாகக் குறித்து வைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலே காக்கை உட்காராமல் இருக்க முள்கம்பி சேர்த்தே வாங்கிவிடுங்கள்.