ஒரே பெயர் போதுமா?

கேள்வி: உங்கள் இதழில் ஒரு கட்டுரையில் 'ஜி.பி.எஸ்.' என்கிறீர்கள், இன்னொன்றில் 'மேப்' என்கிறீர்கள், வேறொன்றில் 'இடங்காட்டி' என்கிறீர்கள். கையில் வைத்து வழி பார்க்கிற எல்லாவற்றுக்கும் 'கையடக்கச் செயற்கைக்கோள் வழிச்செலுத்தி' என்று ஒரே பெயர் வைத்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடுமே?
- வாசகர், தேவகோட்டை

பதில்: தீராது. இல்லாத குழப்பம் புதிதாக வரும். மூன்று பெயர் எழுதுவது, மூன்றும் மூன்று சமாச்சாரம் என்பதால்தான்.

உங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளையே பாருங்களேன். முகப்பு ஒரு தெருவில், வளவு என்கிற உள்முற்றம், இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் அடுத்த தெருவில். கல்யாணத்துக்கு வருகிற வெளியூர்க்காரர் மேப் போட்டுக்கொண்டு வருகிறார். 'நீங்கள் சேரவேண்டிய இடம் வந்துவிட்டது' என்கிறது போன். எதிரே பூட்டிக் கிடக்கும் பின்கதவும் அதில் கட்டிப்போட்ட ஒரு வெள்ளாடும். போன் அடித்தால் ஆச்சி, "பின்னாடி நிக்கிறீகளா? அப்படியே சுத்திக்கிட்டு முன்தெருவுக்கு வந்துருங்க" என்பார். பந்தியில் உட்காரும்போது விருந்தாளி சொல்வது: "ஜி.பி.எஸ். தப்பாக் காட்டிருச்சு."

தப்பு அங்கே நடக்கவே இல்லை. திறந்த வெளியில் சாதாரண செல்போன்கூட நாம் நிற்கும் இடத்தை ஏறக்குறைய 5 மீட்டருக்குள் சொல்லிவிடும். அவர் பின்தெருவில் நின்றார். அது பின்தெரு என்றுதான் காட்டியது. கோளாறு மேப்பில். வீட்டுக்கு வைத்த புள்ளி நடுக்கட்டில் எங்கோ விழுந்திருக்கும். அந்தப் புள்ளிக்கு எந்தத் தெரு கிட்டமோ அதில் கொண்டுபோய் விடுவது மேப்பின் வழக்கம். வாசல் எந்தப் பக்கம் என்பது அதற்குத் தெரியாது. இந்த இரண்டு வேலைக்கும் ஒரே பெயர் வைத்தால் பழியை எதன்மேல் போடுவது?

சரி, இடம் எப்படித் தெரிகிறது? செயற்கைக்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டே வருகிறது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். கீழே யார் கேட்கிறார்கள் என்பதே அதற்குத் தெரியாது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் என்றால் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, தான் எங்கே இருக்கிறது, மணி என்ன என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அந்தச் சேதி வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடுவது நம் கையில் இருக்கிற கருவி. மூன்று செயற்கைக்கோள் இடத்துக்கு. நான்காவது, கருவிக்குள் இருக்கிற மலிவான கடிகாரத்தின் பிழையைக் கழிக்க. ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் தள்ளிப்போகும். இடத்தைக் காட்டுகிறது, அதனால் இடங்காட்டி. வனத்துறையினர் கையில் வைத்திருக்கும் பொத்தான் வைத்த தனிக்கருவிக்கும் இதே பெயர்தான். சிலர் 'திசைகாட்டி' என்று எழுதி அனுப்புகிறார்கள். கொண்டுவிற்கப் பர்மாவுக்குப் போனவர்களின் கப்பலில் இருந்ததே, அது திசைகாட்டி. வடக்கு எது என்று சொல்லும். காரைக்குடியா கானாடுகாத்தானா என்று சொல்லாது.

'ஜி.பி.எஸ்.' அமெரிக்க அரசின் ஏற்பாட்டுக்கு உரிய பெயர். முதல் செயற்கைக்கோள் 1978-இல் போனது, முழு ஏற்பாடும் 1995-இல் வேலைக்கு வந்தது. பொதுமக்களுக்கு வேண்டுமென்றே பிசகாக, 100 மீட்டர்வரை தள்ளிக் காட்டிக்கொண்டிருந்ததை 2000 மே மாதம்தான் நிறுத்தினார்கள். அதற்கு முன்பு என்றால் நம் விருந்தாளி நின்றது எந்தத் தெரு என்றே சொல்ல முடியாது. ரஷ்யாவுக்கு குளோனாஸ், ஐரோப்பாவுக்கு கலிலியோ, சீனாவுக்கு பெய்டோ. நமக்கு நாவிக், அதன் முதல் செயற்கைக்கோளை இஸ்ரோ 2013-இல் ஏவியது. இன்றைய போன்கள் இவற்றில் பலவற்றைச் சேர்த்தே கேட்கின்றன. எல்லாவற்றையும் ஜி.பி.எஸ். என்பது, எந்தக் கம்பெனி மெஷினில் நகல் எடுத்தாலும் ஜெராக்ஸ் என்கிற கதைதான். பேச்சில் சொல்லிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. எங்கள் இதழில் அமெரிக்க ஏற்பாட்டைப் பற்றி எழுதும்போது மட்டும் அந்தப் பெயர் வரும்.

மிச்சம் இருப்பது மேப். தெருவில் எல்லோரும் சொல்கிற சொல், இரண்டே எழுத்து, அதை ஏன் பிடுங்க வேண்டும்?

உங்கள் 'வழிச்செலுத்தி' யாரைச் செலுத்துகிறது, சொல்லுங்கள். ஸ்டியரிங் டிரைவர் கையில் இருக்கிறது. கருவி இருக்கிற இடத்தைச் சொல்கிறது, மேப் வழியைச் சொல்கிறது, திரும்புவதும் திரும்பாததும் அவர் இஷ்டம். கடலில் ஓடும் கப்பல், பறக்கும் விமானம் இவற்றைத் தானாகத் திருப்பும் இயந்திரங்கள் உண்டு. அவற்றைப் பற்றிக் கட்டுரை வந்தால் உங்கள் சொல்லைக் கடன் கேட்கிறோம்.

வீட்டில் விசேஷம் என்றால் இன்னொரு காரியம் செய்யுங்கள். முகப்புத் திண்ணைக்கு முன்னால் தெருவில் நின்று, அங்கிருந்து லொகேஷன் அனுப்புங்கள். உள்ளே வளவில் உட்கார்ந்துகொண்டு அனுப்பாதீர்கள்.