நரிக்குறவர் பாடல் பதிவு: பெரியவர்கள் பேச மறுத்தால்

காரைக்குடிப் பக்கம் நரிக்குறவர் குடியிருப்பில் அவர்கள் தாய்மொழியான வாக்ரிபோலியில் உள்ள பாடல்களைப் பதிவு செய்யப் போனபோது, "முன்னாடி வந்தவங்க எடுத்துட்டுப் போனது எதுவும் எங்ககிட்ட திரும்பி வரலை" என்று பெரியவர்கள் பேச மறுத்ததாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் கோபம் முழுக்க நியாயமானது.

அடுத்த முறை ரெக்கார்டரும் ஒப்புதல் படிவமும் இல்லாமல் போங்கள். இந்த வேலையில் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளைகள் தமிழுக்கே மாறிவிடுகிறார்கள் என்ற கவலை இருந்தால், உங்கள் ஆய்வுத் தலைப்பையே அதற்கேற்ப மாற்றலாம்.

பதிவு யாருக்குச் சொந்தம் என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். கனடாவில் 1998-லேயே, தங்களைப் பற்றிய தரவின் உரிமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் நான்கும் தங்களுடையதே என்று முதற்குடியினர் வகுத்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் 2017-ல் ஆய்வாளர்களுக்கென்று நெறிமுறையே வெளியிட்டார்கள். இதைக் காட்டி, ஒரு பிரதி குடியிருப்பிலேயே இருக்கும் என்று உங்கள் துறையிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

வாக்ரிபோலிக்குத் தனி எழுத்து கிடையாது. தமிழில் எழுதினால் பல ஒலிகள் தவறிவிடும், அதனால் ஒலிப்பதிவுதான் முக்கியம். அதை அங்குள்ள இளைஞர்களே செய்யட்டும், சம்பளம் கொடுங்கள். சாமி மூட்டை (தெய்வத்துக்குரிய பொருட்களைக் கட்டி வைத்திருக்கும் புனித மூட்டை), குலதெய்வ வழிபாடு சார்ந்த பாடல்களை அவர்களாகச் சொன்னாலொழியத் தொடாதீர்கள்.

அப்புறம், குன்றக்குடி பங்குனி உத்திரம், பிள்ளையார்பட்டி சதுர்த்தி சமயத்தில் போகவேண்டாம். மணி, ஊசி விற்பவர்களுக்கு அது வியாபார நாள்.