மூன்றாம் முறையும் எழுதத்தான் வேண்டுமா?

இரண்டு முறை மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதியும் மகளுக்கு மதிப்பெண் போதவில்லை. மூன்றாம் முறை எழுத வைப்பதா, பெரியப்பா சொல்வதுபோல் வீட்டை அடமானம் வைத்துப் பணம் கட்டிச் சேர்ப்பதா என்று கேட்டிருந்தீர்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்ப எனக்கும் தெரியும். ஆனால் அன்று என்னைப் பார்க்க வந்தபோது ஒரு மணி நேரம் நீங்களும் பெரியப்பாவுமே பேசினீர்கள். அவள் வாய் திறந்தது ஒரே ஒரு முறை.

செய்முறை வகுப்பில், திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் பியூரெட் குழாயின் அளவு மூன்று முறையும் மூன்று விதமாக வந்ததாம். மற்றவர்கள் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். இவள் நான்காம் முறை செய்து பார்த்து, குழாய் முனையில் காற்றுக்குமிழி சிக்கியிருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறாள். இதைச் சொல்லும்போது மட்டும் நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்தாள்.

வழக்கமான மாற்றுப் படிப்புகளை உறவினர்கள் ஏற்கெனவே ஒப்பித்திருப்பார்கள்; அவற்றை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல நினைப்பது, மருந்தாகப் போகும் நானோ துகள்களை, அதாவது கண்ணுக்கே தெரியாத மிகச் சிறு துகள்களை, அளந்து சோதிக்கும் வேலை.

நானோ அளவுக் கொழுப்புக் குமிழுக்குள் புற்றுநோய் மருந்தை அடைத்த டாக்சில் 1995-இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கொரோனாவுக்கு வந்த எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளும் கொழுப்பு நானோ துகள்களில்தான் பயணம் செய்தன. சாதாரண மருந்தின் மூலக்கூறுகள் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருக்கும். நானோ துகள்கள் அப்படியல்ல. ஒரே குப்பிக்குள் அளவு மாறும், மேற்பூச்சு மாறும், உள்ளே அடைந்த மருந்தின் அளவும் மாறும்.

எத்தனை நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று கேட்டால் கருவிக்கு ஒரு பதில் வரும். ஒளிச்சிதறல் கருவி, திரவத்தில் அலையும் துகளை அதன் பூச்சோடும் ஒட்டிய நீரோடும் சேர்த்து அளக்கும். பாலிமர் (பிளாஸ்டிக் போன்ற பொருள்) பூசிய தங்கத் துகளை உலர்த்தி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் உலோக மையம் பளிச்சென்று தெரியும், பூச்சு பெரும்பாலும் தெரியாது. இரண்டு எண்ணும் பொய்யில்லை. ஒளிச்சிதறலில் இன்னொரு சிக்கலும் உண்டு: துகள் சிதறடிக்கும் ஒளி, விட்டத்தின் ஆறாம் அடுக்கில் கூடும். 100 நானோமீட்டர் துகள் ஒன்று, 10 நானோமீட்டர் துகள்கள் பத்து லட்சத்துக்கு ஈடாக ஒளியைச் சிதறடித்துவிடும். நாலு தூசி விழுந்தால் போதும், கணக்கே கவிழ்ந்துவிடும். அங்கே நான்காம் முறை அளந்து பார்க்கிற ஆள்தான் வேண்டும்.

ரத்தத்தில் கலந்ததும் புரதங்கள் துகளைப் போர்த்திக்கொள்கின்றன. உடலின் செல் சந்திப்பது நாம் ஆய்வகத்தில் அளந்த துகளையே அல்ல. பாக்டீரியா நச்சு கலந்திருக்கிறதா என்று சோதித்தால், துகளின் நிறமும் கலங்கலுமே சோதனையைக் குழப்பக்கூடும். இத்தகைய சிக்கல்களுக்காகவே அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2004-இல் தனி ஆய்வகம் தொடங்கியது.

இதற்காகப் பெயரில் ‘நானோ’ ஒட்டிய, கட்டணம் எகிறும் இளநிலைப் படிப்பைத் தேடிப் போகாதீர்கள். வேதியியல், இயற்பியல், மருந்தியல் மூன்றில் ஒன்றை ஒழுங்காகப் படிக்கட்டும். முதுநிலையில் பகுப்பாய்வு வேதியியல், கூடவே புள்ளியியல். கல்லூரியில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: கருவியை மாணவர்கள் கையால் இயக்குகிறார்களா, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறார்களா? மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகள், மருந்து ஒழுங்குமுறை அமைப்புகள், அளவீடுகளின் துல்லியத்தைச் சோதிக்கும் அளவியல் ஆய்வகங்கள் எல்லாம் இவர்களுக்கான இடங்கள். முதல் சில ஆண்டுகள் மாதிரி தயாரிப்பதிலேயே கழியும், அதை மறைக்க மாட்டேன். பெயருக்கு முன்னால் டாக்டர் வராதே என்று பெரியப்பா வருந்தினால், முனைவர் பட்டத்துக்கும் அதே டாக்டர்தான் என்று சொல்லுங்கள்.

வீட்டை அடமானம் வைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. தவணையைக் கட்டப்போவது பெரியப்பா அல்ல. அவள் கேட்காத படிப்புக்கு அவள் தலையில்தான் அந்தக் கடன் விடியும்.

அடுத்த முறை அவளைத் தனியாக அனுப்புங்கள். அந்தச் செய்முறைப் பதிவேட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.