சட்டம் கேளுங்கள்: பாதிப் பங்கு 8 சதவீதம் ஆனது எப்படி?

கேள்வி: நானும் காலேஜ் நண்பனும் 2016-ல் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆரம்பித்தோம். ஏற்காட்டுத் தோட்டக்காரர்களிடம் காபிக்கொட்டையும் மிளகும் வாங்கி, சேலத்தில் வறுத்து அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறோம். ஆளுக்கு 5,000 பங்கு, டைரக்டர்களும் நாங்கள் இரண்டு பேர்தான். கொள்முதல் என் பொறுப்பு, பாதி நாள் மலையிலேயே இருப்பேன். கணக்கு, ஆடிட்டர், பேங்க் எல்லாம் அவன். போன மாதம் வேறு வேலையாக ஆடிட்டர் ஆபீஸ் போனபோதுதான் தெரிந்தது, இரண்டு வருடத்துக்கு முன்பே அவன் பெயரிலும் அவன் மனைவி பெயரிலும் 50,000 புதுப் பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். என் பங்கு இப்போது 8 சதவீதம் சொச்சம்தானாம். அவன் மனைவி டைரக்டர் ஆகிவிட்டார், நான் 12 மாதமாக எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை என்று என்னை எடுத்துவிட்டார்கள். போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாமா, சேலம் கோர்ட்டில் கேஸ் போடலாமா? கம்பெனி கடனுக்கு நான் கேரண்டி கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அஸ்தம்பட்டி வீட்டுப் பத்திரமும் பேங்க்கில்தான் இருக்கிறது.
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: வீட்டுப் பத்திரத்தைக் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள், என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். டைரக்டர் பதவி போனதால் கேரண்டி போய்விடாது. இனிமேல் அவர்கள் எடுக்கிற கடனுக்கும் உங்கள் வீடு பதில் சொல்லவேண்டி வரலாம். தொடர்ந்து செல்லும் ஜாமீனை, அதாவது ஒரே கடனோடு முடியாமல் அடுத்தடுத்த கடனுக்கும் நிற்கிற கேரண்டியை, இனி நடக்கப்போகிற கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும், நோட்டீஸ் கொடுத்து ரத்து செய்துகொள்ள ஒப்பந்தச் சட்டத்தின் 130-வது பிரிவு வழி வைத்திருக்கிறது. ஏற்கெனவே எடுத்த கடனுக்கு அது பொருந்தாது. இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகவே உங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா என்று வக்கீலிடம் காட்டிவிட்டு, இந்த வாரமே பேங்க்குக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

போலீஸுக்கு இப்போதே ஓடாதீர்கள். உங்கள் கையெழுத்தையே யாராவது போட்டிருந்தால் அது வேறு கதை, அதற்குப் புகார் கொடுக்கத்தான் வேண்டும். அப்படி இல்லாதவரை ஸ்டேஷனில் 'இது சிவில் மேட்டர்' என்று சொல்லி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம். சேலம் கோர்ட்டும் இதற்கு இடமில்லை. கம்பெனிச் சட்டம் 2013-ன் 430-வது பிரிவு, தீர்ப்பாயம் விசாரிக்கவேண்டிய விஷயத்தைச் சிவில் கோர்ட் எடுக்கக்கூடாது என்கிறது. 'இங்கேயே ஸ்டே வாங்கித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் ஃபீஸ் கொடுப்பதற்கு முன் இந்தப் பிரிவைப் பற்றிக் கேளுங்கள். நீங்கள் போகவேண்டியது சென்னையில் உள்ள தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம், பங்குதாரரை ஒடுக்குவதையும் நிர்வாக முறைகேட்டையும் பற்றிய 241, 242 பிரிவுகளின் கீழ்.

8 சதவீதம் வைத்துக்கொண்டு மனு போட முடியுமா, 10 சதவீதம் வேண்டுமாமே என்று யாராவது பயமுறுத்துவார்கள். 244-வது பிரிவில் இன்னொரு வழியும் இருக்கிறது: மொத்த உறுப்பினர்களின் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலும் போதும். உங்கள் கம்பெனியில் இருப்பதே மூன்று பேர். நீங்கள் ஒருவரே தாராளம்.

இப்போது பேப்பருக்கு வருவோம், கேஸே அங்கேதான் இருக்கிறது. யார் அதிகம் உழைத்தார்கள், மிளகு விலை விழுந்தபோது யார் நகையை அடகு வைத்தார்கள் என்பதெல்லாம் மனுவில் இரண்டு பக்கம் வரும், ஆனால் தீர்ப்பை முடிவு செய்வது பெரும்பாலும் மினிட்ஸ் புத்தகமும் நோட்டீஸ் ரசீதும்தான். கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால் உங்கள் கம்பெனி தாக்கல் செய்த படிவங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிஏஎஸ்-3 புதுப் பங்கு ஒதுக்கியதைக் காட்டும், எஸ்எச்-7 மூலதன உச்சவரம்பை உயர்த்தியதை, டிஐஆர்-12 டைரக்டர் மாற்றத்தை. மூன்றையும் தேதி வரிசையில் வைத்துப் பாருங்கள்.

ஏன் தேதி என்கிறேன் என்றால், போர்டு கூட்டத்துக்குக் குறைந்தது இரண்டு டைரக்டர்கள் வேண்டும். அன்றைக்கு இருந்தது நீங்கள் இருவர்தான். நீங்கள் மலையில் காபிக்கொட்டை எடை போட்டுக்கொண்டிருந்த நாளில் அவர் யாரோடு உட்கார்ந்து மனைவியை டைரக்டர் ஆக்கினார்? பங்குதாரர்களின் பொதுக்குழுவிலும் அப்படித்தான், பிரைவேட் கம்பெனிக்கு இரண்டு உறுப்பினர்களாவது நேரில் இருக்கவேண்டும், 21 நாள் நோட்டீஸ் வேண்டும். அப்புறம் பங்குதாரரே அல்லாத மனைவிக்கு நேரடியாகப் பங்கு ஒதுக்கியிருந்தால் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதாவது நான்கில் மூன்று பங்கு ஓட்டு. பாதி ஓட்டு உங்களிடம் இருக்கும்போது அது எப்படி நிறைவேறியது? 'இல்லை, எல்லாருக்கும் உரிமைப் பங்கு (இருக்கிற பங்குதாரர்களுக்கே அவரவர் விகிதத்தில் தருகிற புதுப் பங்கு) கொடுத்தோம், அவர்தான் வாங்கவில்லை' என்பார்கள். அப்படியானால் உங்களுக்கு ஆஃபர் கடிதம் அனுப்பியதற்கு அத்தாட்சி காட்டட்டும். ஒரு எச்சரிக்கை: பழைய இமெயிலைத் துழாவிப் பாருங்கள். ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வந்த ஏதோ ஒன்றுக்கு 'ஓகே' என்று பதில் போட்டிருந்தால் அதை உங்கள் வக்கீலிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

12 மாதம் வரவில்லை என்ற காரணமும் இதோடு சேர்ந்ததுதான். அந்த விதி 167-வது பிரிவில் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு போர்டு கூட்டத்துக்கும் 7 நாள் முன்பு எழுத்தில் நோட்டீஸ் வந்திருக்கவேண்டும். அழைக்காத கூட்டத்துக்கு எப்படிப் போவது!

தீர்ப்புகள் இரண்டு பக்கமும் உண்டு. டேல் அண்ட் கேரிங்டன் வழக்கில், நிர்வாக இயக்குநர் கம்பெனியைத் தன் பிடியில் கொண்டுவரத் தனக்குத்தானே பங்கு ஒதுக்கிக்கொண்டது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் 2004-ல் சொல்லிவிட்டது. நீலகிரி கேத்தியில் உள்ள நீடில் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், 1981-ல், ஆஃபர் கடிதம் முடிவெடுக்க அவகாசமில்லாமல் தாமதமாகச் சேர்ந்தும்கூட அதை ஒடுக்குமுறை என்று கோர்ட் ஏற்கவில்லை. ஆனாலும் நஷ்டத்துக்குப் பணம் கொடுக்கச் சொன்னது. அதனால் ஜெயிப்பது உறுதி என்று நான் எழுதமாட்டேன், ஆனால் நீங்கள் சொல்வது அப்படியே உண்மை என்றால் உங்கள் கை பலமாகவே இருக்கிறது.

தாமதம் மட்டும் வேண்டாம். இரண்டு வருடம் போய்விட்டது, காலவரம்பு மூன்று வருடம் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். தெரிந்த நாளிலிருந்து எண்ணவேண்டும் என்று வாதிடலாம்தான், அந்த வாதத்துக்கே இடம் வைக்காமல் இருப்பது நல்லது. மனுவோடு சேர்த்து, இனிப் பங்கு ஒதுக்கக்கூடாது, சொத்தை விற்கக்கூடாது என்று இடைக்கால உத்தரவும் கேளுங்கள். பாக்கெட்டில் இருக்கிற பிராண்ட் பெயர் கம்பெனி பெயரில் பதிவாகியிருக்கிறதா, நண்பர் பெயரிலா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக எதைக் கேட்பது? பங்கைப் பழையபடி பாதியாக்கினால் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகும் அதே ஆளோடு ஒரே மேஜையில் உட்காரவேண்டும், ஆளுக்குப் பாதி என்றால் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது. ஒதுக்கீட்டை ரத்து செய்துவிட்டு, ஒருவர் பங்கை மற்றவர் நியாயமான மதிப்பில் வாங்கிக்கொள்ள உத்தரவிடத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. பாதிப் பங்கின் மதிப்பு, வீட்டுப் பத்திரம் திரும்பி வருவது, இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் சித்தப்பா மகனோடு சேர்ந்து ஹோம்ஸ்டே கம்பெனி ஆரம்பிக்கிறேன். வெளியாளுக்குப் பங்கை விற்கக்கூடாது என்று இருவரும் பத்திரத்தில் எழுதிக்கொண்டால் போதுமா?
- ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: போதாது. ரங்கராஜ் வழக்கு என்று ஒன்று, குடும்பத்தின் இரண்டு கிளைகள் நடத்திய பிரைவேட் கம்பெனி. பங்கு வெளியே போகக்கூடாது என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். கம்பெனியின் சங்க விதிகளில் (கம்பெனி உள்ளே எப்படி நடக்கவேண்டும் என்று எழுதிப் பதிவு செய்கிற விதிகள்) இல்லாத கட்டுப்பாடு கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆடிட்டர் கொடுக்கிற ரெடிமேட் விதிகளில் அப்படியே கையெழுத்துப் போடாமல், விற்பதானால் முதலில் யாரிடம் கேட்கவேண்டும், விலையை யார் போடுவது, ஒருவர் இறந்தால் பங்கு யாருக்கு என்பதை அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பதிவுக்கு முன்னால் செய்தால் ஒரு மணி நேர வேலை. பிறகு மாற்ற நினைத்தால் சித்தப்பா மகனும் ஓட்டுப் போடவேண்டும்.