எதிலும் ருசியில்லை: மறதி நோயின் தொடக்கமா?

கேள்வி: வயது 61. மின்வாரியத்தில் முப்பது வருடம் லைன் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். பத்து வருடமாகச் சர்க்கரை. மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். நான்கு மாதமாக நாதஸ்வரக் கச்சேரி, தோட்டம், பேரப்பிள்ளைகள் என எதிலும் மனம் ஒட்டவில்லை. காலையில் மோசம், மாலையில் கொஞ்சம் தேவலை. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. பெயர்கள் மறக்கின்றன, கண் இமை துடிக்கிறது, கொட்டாவி ஓயவில்லை. எடை 68 கிலோவிலிருந்து 63 ஆகிவிட்டது. மூளையில் டோபமின் என்ற ரசாயனம் தீர்ந்துவிட்டதாக ஒரு வீடியோவில் சொன்னதால் பூனைக்காலி மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். தூக்கத்துக்கு நண்பர் தரும் அல்பிரசோலத்தில் பாதி. அண்ணனுக்கு மறதி நோய் வந்தது. எனக்கும் அதுதானா? இப்படி இருந்து என்ன பயன் என்றும் சில நேரம் தோன்றுகிறது. (வாசகர், கும்பகோணம்)

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். ‘இருந்து என்ன பயன்’ என்ற எண்ணம் ‘போய்விடலாம்’ என்பது வரை வந்திருந்தால், எப்படி என்று ஒரு தடவையாவது யோசனை ஓடியிருந்தால், இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவரைக் கூட்டிக்கொண்டு இன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இரவு நேரமென்றால் அவசரப் பிரிவுக்கே போகலாம். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல ஆலோசனை 24 மணி நேரமும் கிடைக்கும். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். 104-லும் பேசலாம். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அதை வெளியேற்றுவதும், மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் வைப்பதும் இன்றைய வேலை. இதை உங்கள் மனைவியும் படிக்கட்டும்.

எண்ணம் அந்த அளவுக்குப் போகவில்லை என்றாலும் இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். வழக்கமாகப் பிடித்த எதிலும் நாட்டமில்லாத நிலை, நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய எல்லா நாளும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயின் முதன்மையான அடையாளம். அழுகை வரவேண்டிய அவசியமே இல்லை. உங்களுக்கு நான்கு மாதமாகிறது. விடியற்காலை விழிப்பு, காலையில் மோசமாகி மாலையில் லேசாவது, எடைக் குறைவு எல்லாம் சேர்ந்து அதையே காட்டுகின்றன. ‘வயசானா அப்படித்தான்’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வயதானால் முழங்கால் வலிக்கலாம். வாழ்க்கை சலித்துப்போவது வயதின் பகுதி கிடையாது.

மறதி நோய் பற்றி. உங்கள் விவரத்தைப் பார்த்தால் அதற்கான வாய்ப்பு குறைவு. மறதி நோய் தொடங்கும் பலருக்குத் தன் மாற்றம் அவ்வளவாகத் தெரியாது, குறைப்படுபவர்கள் வீட்டார்தான். நீங்கள் என்னென்ன மாறியது என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள், ருசி போனதற்காக வருத்தப்படுகிறீர்கள். மனச்சோர்வில் கவனம் பதியாது. பதியாதது நினைவில் எப்படி இருக்கும்? மறந்த பெயர் அரை மணி கழித்துத் தானாக வருகிறதென்றால் விட்டுவிடுங்கள். தினமும் போகும் தெருவில் வழி தவறுவது, கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்பது, பழகிய வங்கிக் கணக்கைப் பார்க்கத் தடுமாறுவது, இவை வந்தால் நினைவாற்றல் பரிசோதனை தேவை. அண்ணனுக்கு வந்தால் உங்களுக்கும் வந்தே தீரும் என்ற விதி இல்லை. இமைத் துடிப்பும் கொட்டாவியும் பெரும்பாலும் தூக்கக் குறைவால் வருபவை. அவற்றுக்காக இணையத்தில் தேடி ஒரு இரவைக்கூட வீணாக்காதீர்கள்.

எடைக் குறைவை மட்டும் மனச்சோர்வின் கணக்கில் எழுதி முடித்துவிடக் கூடாது. ஐந்து கிலோ என்பது உங்கள் எடையில் ஏழு சதவீதம். மருத்துவர் உங்களை முழுமையாகப் பரிசோதிக்கட்டும். ரத்த அணுக்கள், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, தைராய்டுக்கான டிஎஸ்எச், பி12, சோடியம், சிறுநீரகம், கல்லீரல், இவ்வளவும் பார்க்க வேண்டும். மெட்பார்மினைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது நன்றாகத் தெரிந்த விஷயம். சைவ உணவுக்காரர் என்றால் இன்னும் எளிதாகக் குறையும். அந்தக் குறையே சோர்வையும் மறதியையும் கொண்டுவரும். ஆனால் ரத்தம் கொடுக்கும் முன்பே கடையில் பி12 மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் அளவு நன்றாக இருப்பதுபோல் காட்டி, உண்மைக் காரணத்தை மறைத்துவிடும்.

கிளிமிபிரைடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாப்பாடும் எடையும் குறைந்த பிறகும் பழைய அளவு மாத்திரையே தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். மூன்று மணி விழிப்பின்போது வியர்வை, படபடப்பு, பசி இருக்கிறதா? அந்த நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மறுநாளே மருத்துவரிடம் சொல்லி மருந்தளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி நீங்களே ஆரம்பித்துக்கொண்ட மருந்துகள். அல்பிரசோலம் மருத்துவர் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாத மாத்திரை. நண்பர் கொடுத்தார் என்பது சீட்டாகாது. அது நினைவை மழுக்கும், பகலிலும் மந்தமாக்கும், இந்த வயதில் தடுமாறி விழவைக்கும். உங்கள் பயத்தில் ஒரு பங்கு இந்த மாத்திரையிலிருந்தே வந்திருக்கலாம். ஆனாலும் சட்டென்று நிறுத்தாதீர்கள். தினமும் சாப்பிட்டுவந்தவர் திடீரென நிறுத்தினால் தூக்கம் அடியோடு போகும், நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்பே வரும். எத்தனை நாளாக, எவ்வளவு என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, படிப்படியாகக் குறையுங்கள்.

பூனைக்காலியை இன்றே நிறுத்துங்கள். அந்த விதையில், மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா இருப்பது உண்மைதான். பார்க்கின்சன் நோய்க்கு நாங்கள் கொடுக்கும் அதே மருந்து. அதனால்தான் அதை விளையாட்டாகச் சாப்பிடக் கூடாது. குமட்டல், எழுந்தால் தலைசுற்றல், சிலருக்கு மனக்குழப்பம் வரை கொண்டுபோகும். சித்த மருத்துவர்களும் அதைச் சுத்திகரித்த பிறகே, அளவோடு தருவார்கள்.

டோபமின் ‘தீர்ந்துபோகிறது’, ‘விரதமிருந்தால் நிரம்புகிறது’ என்பதெல்லாம் மருத்துவமே இல்லை. மூளை அதைத் தொடர்ந்து சுரந்துகொண்டே இருக்கிறது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை விஞ்ஞானி குரங்குகளிடம் நடத்திய சோதனைகளில், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமின் செல்கள் துடித்தன. வெளிச்சம் எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பின் சாறு வந்தபோது அவை சும்மா இருந்தன; வெளிச்சத்துக்குத் துடித்தன. 1997-ல் இது விரிவாக வெளியானது. மனித மகிழ்ச்சி முழுவதையும் இதை வைத்து அளந்துவிட முடியாது. ஆனாலும் ஒன்று தெரிகிறது: முன்கூட்டியே முழுதாகத் தெரிந்ததற்கு இந்த செல்கள் அசைவதில்லை, சின்னதாக ஒரு ‘அட!’ வேண்டும். முப்பது வருடம் எந்த லைனில் என்ன பழுது என்று தேடிக்கொண்டிருந்த உங்களுக்கு, ஓய்வுக்குப் பிறகு தேடுவதற்கு எதுவுமில்லை.

இதற்குச் செய்ய வேண்டியது மருத்துவத்திலேயே இருக்கிறது. நடத்தைச் செயலூக்கம் என்பார்கள். ஆர்வம் வரட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், செய்யத் தொடங்கிவிடுவது. ஆர்வம் பின்னால் வரும். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழுவினர், மருத்துவர் அல்லாத ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இதைச் செய்ய வைத்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட அவர்கள் நன்றாகத் தேறினார்கள். 2017-ல் அந்த முடிவு வெளிவந்தது.

உங்களுக்கு நான் எழுதித் தருவது இது. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி. பதினைந்து நிமிடத்துக்குள், கண்ணாலோ காதாலோ விடை கிடைக்கக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். போனில் தேடி விடை எடுக்கக் கூடாது. நேரம் மாலை நாலரை மணி. காலை உங்களுக்கு மோசமான நேரம், அப்போது தொடங்கினால் இரண்டாம் நாளே விட்டுவிடுவீர்கள். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: என்ன செய்தேன், செய்யும் முன் எவ்வளவு பிடிக்கும் என்று நினைத்தேன், செய்தபின் எவ்வளவு பிடித்தது. மார்க் பூஜ்யத்திலிருந்து பத்துவரை. மனச்சோர்வில் இருப்பவர் முன்கூட்டிப் போடும் மார்க் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ‘ஒன்று’ என்று எழுதிவிட்டுப் போனவர் ‘மூன்று’ என்று திரும்பிவந்து எழுதுவதை அவரே பார்க்க வேண்டும். எட்டும் ஒன்பதும் எதிர்பார்க்காதீர்கள். முதல் பத்து நாளில் ‘இரண்டு’ என்பது ‘மூன்று’ ஆவதே நல்ல முன்னேற்றம்.

ஒரு கேள்வியை நானே தருகிறேன். வேப்பமரத்துப் பக்கமிருந்து ‘டொங், டொங், டொங்’ என்று செம்பைத் தட்டுவதுபோல் விடாமல் ஒரு சத்தம் கேட்டிருப்பீர்கள். அது செம்மார்புக் குக்குறுவான் என்ற பறவை. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரியது, பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள். கத்தும்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்பும், அதனால் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே பிடிபடாது. இலையற்ற உச்சிக் கிளைகளை முதலில் பாருங்கள். முதல் நாள்: எந்த மரம்? இரண்டாம் நாள்: ஒரு மூச்சில் எத்தனை ‘டொங்’? மூன்றாம் நாள்: பதில் சொல்லும் இன்னொன்று எங்கே? பொங்கலையொட்டித் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பிலும் இதுபோல் பதினைந்து நிமிடம் நின்று பார்த்து எழுதினால் போதும். ஜனவரியில் நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.

மூன்றாவது வாரத்தில், முன்பு பிடித்ததன் பக்கத்தில் ஒரு புது வாசலைத் திறந்து பாருங்கள். கச்சேரி கேட்டால் பழைய ருசி இல்லையே என்ற ஒப்பீடுதான் வரும். அதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டை இருக்கிறது. நாதஸ்வரம் செய்யும் ஊர், 2022-ல் புவிசார் குறியீடு பெற்றது. பழைய வீடுகளில் இருந்து எடுத்த ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். புது மரம் ஏன் கூடாது, துளைகளுக்கு அளவு எப்படிப் போடுகிறார்கள், வாயில் வைத்து ஊதும் சீவாளி எத்தனை நாள் தாங்கும் என்று மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். வந்ததும் பேரப்பிள்ளையிடம் சொல்லுங்கள். கண்டதை இன்னொருவரிடம் சொல்வதையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடைப்பயிற்சி போகிறவர் என்றால் வாரத்தில் ஒரு நாள் மட்டும் வழியை மாற்றுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் வர்ஜீனியா ஸ்டர்ம் குழு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், முதியவர்கள் எட்டு வாரம், வாரம் பதினைந்து நிமிடம், வியக்கத்தக்கதைத் தேடியபடி நடந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட படங்களில் வாரம் ஆக ஆகத் தங்கள் உருவம் சிறிதாகி, சுற்றுப்புறம் பெரிதாகி, புன்னகை விரிந்தது. சர்க்கரைக்காரர் நீங்கள்: செருப்பில்லாமல் நடக்காதீர்கள், வெறும் வயிற்றில் போகாதீர்கள்.

இது பெரும்பாலும் எங்கே கெடுகிறது என்றால், அளவில். காசி யாத்திரை, வீணை வகுப்பு என்று பெரிதாகத் திட்டமிட்டு, முடியாமல் போய், ‘பார், இதுவும் முடியவில்லை’ என்று இன்னும் சோர்ந்துபோகிறார்கள். செய்வதை விட்டுவிட்டு அதைப் பற்றிய வீடியோவை இரண்டு மணி நேரம் பார்ப்பவர்களும் உண்டு. வீட்டார் ‘சந்தோஷமா இருப்பா’ என்று நெருக்குவதும் ஆகாது. உடன் வந்து மரத்தடியில் நின்றால் போதும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் அதே நேரத்தில் தொடருங்கள். விட்டதை ஈடுகட்ட இரண்டு கேள்வி எடுக்க வேண்டாம்.

கூட்டத்தில் பேச்சு சரியாகப் புரியவில்லை, கச்சேரியில் சுருதி மங்கலாகக் கேட்கிறது என்றால் காதையும் பரிசோதியுங்கள். சத்தம் பிடிபடாமல் ஒதுங்கியவர்கள் ஆர்வம் போய்விட்டதாகவே எண்ணிக்கொள்வதுண்டு.

இந்த நோட்டு மருந்துக்கு மாற்று கிடையாது. நீங்கள் எழுதியிருக்கும் அளவுக்கு மருத்துவர் மனச்சோர்வுக்கான மாத்திரை தரக்கூடும். தந்தால் தயங்காமல் சாப்பிடுங்கள். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். பலருக்கு முதலில் தூக்கமும் பசியும் திரும்பும், ருசியும் ஆர்வமும் கடைசியில்தான் வரும். ‘தூக்கம் வந்துவிட்டது, ஆனால் மனசு அப்படியே இருக்கிறது’ என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். ஆரம்பத்தில் படபடப்பு கூடினாலோ அந்தக் கடைசி வரி எண்ணம் தலைதூக்கினாலோ அன்றே சொல்லுங்கள். முதல் தடவை போகும்போது நோட்டு, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், பூனைக்காலி டப்பா, மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு மனைவியுடன் போங்கள். எடையை எழுதிவாங்கி, இரண்டு வாரத்தில் மறுபடி எடை பார்க்க வேண்டும்.