மறு: டென்னசியில் போதகர் தேர்தலில் நிற்கலாமா?

வணக்கம். டென்னசி மாநில அரசியலமைப்பின் பழைய பிரதியில், மதகுருமார் சட்டமன்றத்தில் அமரக் கூடாது என்ற விதியைப் படித்துவிட்டு, போதகரான உங்கள் மைத்துனர் வேட்புமனு தரத் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். அவர் தயங்க வேண்டியதில்லை. அம்மாநிலத்தின் அரசியலமைப்பு மாநாட்டுக்குப் போட்டியிட்ட மெக்டானியல் என்ற பாப்டிஸ்ட் போதகரின் வழக்கில், இத்தகைய தடை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் செயலிழந்த அந்த வரி ஏட்டிலேயே கிடந்து, 2022 நவம்பர் வாக்கெடுப்பில்தான் நீக்கப்பட்டது. கடவுளை மறுப்பவர் பதவி வகிக்கக் கூடாது என்னும் அடுத்த பிரிவு அப்போதும் நீக்கப்படாதது எனக்கு வருத்தமே. பதவிக்கு வருபவர் கடவுளை நம்ப வேண்டும் என்று மாநிலம் கட்டாயப்படுத்த முடியாது என, மேரிலாந்து மாநிலம் தொடர்பான வழக்கில் 1961-இல் அதே உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் அதையும் செயல்படுத்த முடியாது. வயது, வசிப்பிடம் போன்ற தகுதிகளை மாநிலம் கேட்கலாம். வரிவிலக்குப் பெற்ற திருச்சபையின் பணத்தை மட்டும் அவருடைய பிரசாரத்துக்குச் செலவிட வேண்டாம்.