இரும்பு சிலிசைடில் பிஎச்.டி. செய்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் ஐயா. எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகும் உங்கள் மகள் இரும்பு சிலிசைடின் காந்தப் பண்பையும் மின்கடத்தலையும் ஆராயப் போகிறாள் என்கிறீர்கள். "இரும்பில் இன்னும் என்ன ஆராய்ச்சி?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. இரும்புக் காந்தத்தைச் சூடாக்கினால் வலு குறையும். இரும்பு அணுவும் சிலிக்கான் அணுவும் சரிபாதியாகச் சேர்ந்த இரும்பு சிலிசைடு (FeSi) ஒரு குறைகடத்தி (செமிகண்டக்டர்); அது வேறு மாதிரி. கடுங்குளிரில், பாதி அணுக்கள் இரும்பாக இருந்தும், காந்த ஏற்புத்திறன், அதாவது வெளிக் காந்தப்புலத்துக்கு எவ்வளவு காந்தமாகும் என்ற அளவு, ஏறக்குறைய இல்லை. சூடாக்க ஆரம்பித்தால் ஏறி, சுமார் 500 கெல்வினில் உச்சம் தொட்டு, அப்புறம்தான் இறங்கும். 1967-இல் ஜக்கரினோ குழுவினர் இதை விரிவாக அளந்து எழுதினார்கள். ஏன் இப்படி என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

சரி, வேலை? இரும்பு சிலிசைடு தெரியும் என்பதற்காக யாரும் கூப்பிட மாட்டார்கள். சிப் ஆலையில் ஓடுவது சிலிக்கான். அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது மின்சாரம் கடத்த எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல், 1.1 எலக்ட்ரான் வோல்ட். இரும்பு சிலிசைடுக்குச் சுமார் 0.06தான், டிரான்சிஸ்டருக்கு உதவாது. "செமிகண்டக்டர்தானே, சிப் கம்பெனியில் எடுத்துக்கொள்வார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விலை போவது கைவேலை. மில்லிமீட்டர் அளவுப் படிகத்தில் சில்வர் பேஸ்ட் வைத்து நான்கு மெல்லிய கம்பிகளை ஒட்டுவார்கள். வெளிக்கம்பிகள் இரண்டில் மின்னோட்டம், உள்கம்பிகள் இரண்டில் மின்னழுத்தம். ஒட்டிய இடத்தின் தடை கணக்கில் சேராமலிருக்க இந்த ஏற்பாடு. பிறகு திரவ ஹீலியத்தில், 4.2 கெல்வின் வரை குளிர்விக்க வேண்டும். நடுவில் ஓர் ஒட்டு விட்டால் எல்லாம் முதலிலிருந்து. இதோடு வெற்றிடத் தொழில்நுட்பம், மின்இரைச்சலை அடக்குவது, கருவிகளைப் பைத்தானில் இயக்குவது எல்லாம் கைவந்தால், சிப்பைச் சோதிக்கும் கருவி செய்யும் நிறுவனங்களுக்கும் அரசு ஆய்வகங்களுக்கும் தைரியமாக விண்ணப்பிக்கலாம்.

ஆகவே தலைப்பை விடுங்கள், ஆய்வகத்தை விசாரியுங்கள். காந்தப் பண்பை அளக்கும் காந்தமானி சொந்தமாக உண்டா? இல்லையென்றால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போய் அளவீடு செய்யும் பொது ஆய்வு மையமான, இந்தூரில் உள்ள யுஜிசி-டிஏஇ கூட்டமைப்பு போன்ற இடங்களுக்கு மாணவர்களை அனுப்புகிறார்களா? அந்த ஆய்வகத்தில் முன்பு பிஎச்.டி. முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு வழிகாட்டி மழுப்பினால், வேறு இடம் பார்ப்பது நல்லது.

பணம்: நெட் (தேசியத் தகுதி) தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் ரூ.37,000, பிறகு ரூ.42,000, வீட்டு வாடகைப் படி தனி. உதவித்தொகை இல்லாமல் சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேட் (GATE) நுழைவுத் தேர்வையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.